கடன் பத்திரத்தை யார் படித்துச் சொல்வது?

தென்னார்க்காட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறையாகப் படியாள் வேலை பார்த்தவர்கள் நம் சேரிகளில் உண்டு. கடன் கொடுத்தவரே கணக்கும் எழுதினார். கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று நம் பக்கம் நின்று கேட்க ஆளில்லை.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது. ஆனால் நிலமில்லாதவருக்குச் சங்கக் கதவு லேசில் திறக்கவில்லை. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்களை ரத்து செய்தது. 2003-இல் தமிழக அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

இவற்றைப் பயன்படுத்தப் படித்த துணை வேண்டும். அதற்கானது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதன் 12-ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இது சலுகை அல்ல, உரிமை.

மேல்பட்டாம்பாக்கத்தில் இன்று வாரத் தவணை கட்ட முடியாத பெண், வசூலுக்கு வருபவரிடமே வழி கேட்டால் இன்னொரு கடன்தான் கிடைக்கும். ஆலோசனை சொல்பவருக்குக் கூலி யார் தருகிறார்கள் என்று முதலில் கேட்போம். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பவரை விட்டு விலகுவோம். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; தொலைபேசி உதவி எண் 15100.

தோழர்களே, படித்த நாம் செய்ய வேண்டியது ஒன்று. நம் தெருவில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்கள் கடன்களை நோட்டில் எழுதுவோம்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, கட்டியது எவ்வளவு. அந்த நோட்டோடு அவர்களைக் கடலூருக்கு அழைத்துப் போவோம்.