என்பு வேரூன்றும் உலோகம்: இடுப்பு மூட்டுச் சிகிச்சையின் வரலாறு

ஊவா மலைநாட்டின் தேயிலைச் சரிவுகளிற் கொழுந்து கொய்யும் பெண்ணின் நடையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் நிற்க, கொழுந்துக் கூடை முதுகிற் கனக்க, அவளது உடற்பாரத்தை மாறி மாறித் தாங்குவன இரண்டு இடுப்பு மூட்டுகளேயாம். தொடையென்பின் உருண்டைத் தலை இடுப்பென்பின் கிண்ணம் போன்ற குழியிற் சுழல்வதே அம்மூட்டின் அமைப்பு. நாற்பதாண்டு மலையேறி இறங்கிய மூட்டுத் தேய்ந்தால், அன்றி முதுமையில் வழுக்கி வீழ்ந்து தொடையென்பின் கழுத்து முறிந்தால், அவள் நிலை யாதாகும்? இவ்வினாவுக்கு மருத்துவ உலகங் கண்ட விடையின் வரலாற்றையும், அவ்விடை பிழைத்தவிடத்துச் செய்யப்படும் திருத்தச் சத்திரசிகிச்சையின் பயனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

போரிற் காலிழந்த விசுபலைக்கு அசுவினி தேவர் உலோகக்கால் அளித்தனர் என இருக்கு வேதம் கூறும். இதுகொண்டு மூட்டு மாற்றுச் சிகிச்சை அன்றே இருந்ததென வாதித்தல் வரலாற்று நெறியன்று. ஆயினும் உடலும் உலோகமும் ஒன்றுபட வேண்டுமென்ற வேட்கை மிகப் பழையது என்பதற்கு அச்செய்தி சான்றாகும்.

அவ்வேட்கை செயலுருப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். பேர்லின் நகரச் சத்திரவைத்தியர் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்பார் 1890, 1891 ஆம் ஆண்டுகளில் யானைத் தந்தத்தாற் செயற்கை மூட்டுகளை ஆக்கிப் பொருத்தினார். கிருமித்தொற்று அம்முயற்சியைக் கெடுத்தது. பொஸ்ரன் நகரத்து சிமித்-பீற்றர்சன் 1923 இல் தொடையென்பின் தலைக்குக் கண்ணாடிக் கவசம் இட்டார், கண்ணாடி உடைந்தது. 1938 இல் அவர் கோபாற்றும் குரோமியமும் கலந்த உலோகத்தை நாடினார். அவ்வாண்டிலேயே இலண்டனில் பிலிப் வைல்ஸ் என்பார் தலை, குழி ஆகிய இரண்டையும் துருவேறா உருக்கினால் மாற்றினார். 1946 இல் பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர் அக்கிரிலிக்குத் தலையைப் பொருத்தினர். அது விரைவில் தேய்ந்து தளர்ந்தது.

இத்தோல்விகளினின்று பாடங் கற்றவர் இங்கிலாந்தின் ஜோன் சாண்லி ஆவர். ஜூடே மூட்டுப் பொருத்தப்பெற்ற ஒருவர் முன்னே குனியுந்தோறும் மூட்டுக் கீச்சிட்டதாம். அவ்வொலியே உராய்வைப் பற்றி அவரைச் சிந்திக்கத் தூண்டியது. சிறிய உருக்குத் தலை, வழுவழுப்பான பிளாஸ்ரிக்குக் குழி, பல் வைத்தியர் கையாண்ட அக்கிரிலிக்குச் சீமெந்து ஆகிய மூன்றையும் அவர் இணைத்தார். முதலில் அவர் குழிக்குக் கொண்ட தெப்லோன் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையை அழற்றின. ஏறத்தாழ முந்நூறு நோயாளர்க்கு நேர்ந்த இத்தோல்வியை அவர் மறைத்தாரல்லர். பொருள்களின் தன்மையை அறியத் தம் தொடையிலேயே அவற்றின் துணுக்குகளைப் புதைத்துப் பார்த்தார். 1962 நவம்பரில் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் அடர்த்தி மிக்க பொலித்தீன் குழியைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அதுவே அடிப்படை.

சாண்லி இங்கிலாந்தில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் நம் அயல்நாடாகிய பர்மாவிலும் ஓர் அரிய முயற்சி நிகழ்ந்தது. மாந்தளை நகரத்துச் சத்திரவைத்தியர் சான் போ, உலோக மூட்டுக்குப் பதிலாகப் பர்மாவிற் கிடைத்த யானைத் தந்தத்தையே செதுக்கி, 1960 இல் எண்பத்துமூன்று வயதுப் பௌத்த பிக்குணி ஒருவருக்குப் பொருத்தினார். பின்னர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறு சிகிச்சை பெற்றனர். அவர்களுட் பலர் நடக்கவும் குந்தியிருக்கவும் வல்லராயினர். தந்தம் மனித உடலோடு நன்கு இணைந்தது என்பதே அவர் கண்ட முடிபு. மூட்டு உறுதிபெற வேண்டுமாயின் அதனை ஒட்டினாற் போதாது, உடல் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்னுங் கருத்து இங்கே தலைகாட்டுகின்றது.

சீமெந்தினால் ஒட்டிய மூட்டுகளுட் பல நெடுங்காலம் நிலைத்தன; ஆயினும் சில தளர்ந்தன. பிளாஸ்ரிக்கின் நுண்டுகள்களை அழிக்க முயலும் உயிரணுக்கள் அம்முயற்சியிற் சூழவுள்ள என்பையும் கரையச் செய்கின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. 2019 இல் அவுஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளை ஆராய்ந்தோர், இடுப்பு மூட்டுகளுள் 15 ஆண்டு நிலைப்பன ஏறத்தாழ 89 வீதம், 25 ஆண்டு நிலைப்பன ஏறத்தாழ 58 வீதம் எனக் கணித்தனர். எஞ்சியோர்க்கு வேண்டுவது திருத்தச் சிகிச்சை. முதற் சிகிச்சையினும் அது கடினமானது. ஏனெனின், புதுக் கிண்ணத்தைத் தாங்கவேண்டிய என்பே அங்குக் குறைந்திருக்கும்.

இவ்விடர்க்கு வழிகாட்டியது ஒரு தற்செயற் கண்டுபிடிப்பு. சுவீடன் நாட்டு பிரேனெமார்க் 1952 இல் முயலின் கால் என்பிற் பொருத்திய தைத்தேனியக் கருவியைப் பின்னர் கழற்ற முயன்றபோது, என்பு அதனோடு ஒன்றியிருக்கக் கண்டார். உலோகத்தின் மேற்பரப்பில் நுண்துளைகள் இருப்பின் என்பு அவற்றினுள்ளும் வளரும் என்பதைப் பிறர் நாட்டினர். ஏறத்தாழ 100 முதல் 400 மைக்கிரோன் அகலமுள்ள துளைகள் அதற்கு ஏற்றவை. 1990 களில் தந்தாலம் என்னும் உலோகத்தைக் கரிச் சட்டகத்தின்மீது ஆவியாகப் படியச் செய்து, கடற்பஞ்சு போன்ற பொருளை ஆக்கினர். அதன் கனவளவில் 75 முதல் 80 வீதம் வெற்றிடமே. கோபாற்றுக் கலப்புலோகம் என்பினும் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது; பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு, வேலையற்ற என்பை நலியச் செய்யும். நுண்துளைத் தந்தாலமோ விறைப்பில் என்பை ஒத்தது. நீரில் நின்றும் பருகமாட்டாத தந்தலசு என்னுங் கிரேக்க மன்னனின் பெயரை, அமிலத்தை ஏற்காமைபற்றி, 1802 இல் இவ்வுலோகத்துக்கு இட்டனர். அவ்வுலோகம் இன்று குருதியையும் என்பையும் தன்னுள் ஏற்கின்றது.

இதன் பயன் யாது? என்பு பெரிதும் அழிந்த குழிகளிலும் இக்கிண்ணங்கள் பத்தாண்டளவிற் பெரும்பாலும் தளராது நின்றன எனத் தேர்ந்த வைத்தியசாலைகளின் அறிக்கைகள் கூறும். ஆனால் 2017 இல் சுவீடன், அவுஸ்திரேலியப் பதிவேடுகளை ஆராய்ந்தோர், சீமெந்தின்றிப் பொருத்தும் ஏனைய கிண்ணங்களோடு ஒப்பிட்டு, ஏழாண்டளவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றனர். இவ்விரு சான்றும் முரண்படுவனவா? வரலாறு கற்பிப்போர் மாணவர்க்குச் சொல்லும் விதி இங்கும் பொருந்தும்: சான்று எதனைக் கூறாது விட்டது என்பதையும் நோக்குக. கடினமான நோயாளர்க்கே தந்தாலத்தை வைத்தியர் தெரிந்தெடுத்திருத்தல் கூடும். என்பின் அழிவு எத்துணை என்பதைப் பதிவேடுகள் முழுமையாகக் குறிப்பதில்லை. மேலும், மூட்டு நழுவுதலையும் கிருமித்தொற்றையும் துளைகள் தடுக்கமாட்டா. திருத்தச் சிகிச்சை மீண்டும் பிழைப்பதற்கு இவ்விரண்டும் முதன்மையான காரணங்களுட் சேர்ந்தவை. ஆதலின் இவ்வுலோகம் நல்ல கருவியே, சர்வரோக நிவாரணியன்று.

இனி நம் மாகாணத்தை நோக்குவாம். தோட்டத் தொழிலாளர்க்கு வைத்திய வசதி அளித்தற்கென 1872 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. புகையிரதம் பதுளையை அடைந்தது 1924 இல். ஆயினும் லயத்துக்கும் பெருந்தெருவுக்கும் இடையிலுள்ள மலைப்பாதை எச்சட்டத்தாலும் குறுகவில்லை. இடுப்பு முறிந்த மூதாட்டிக்குப் பாயே கதியாயிருந்த காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். இன்று பலர்க்குச் செயற்கை மூட்டுக் கிடைக்கின்றது.

என் மாணவன் ஒருவனின் அம்மாயிக்குப் பன்னிரண்டு ஆண்டின் முன் அவ்வாறு மூட்டு மாற்றப்பெற்றது. நடந்தார், விறகு பொறுக்கினார், பேரனைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். சென்ற ஆண்டு அவர் மீண்டும் ஊன்றுகோல் பிடித்து வரக்கண்டு வினவினேன். “வயசு போனா நோகத்தானே செய்யும், சேர்,” என்றார். மீண்டும் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதை அவர் அறிந்திலர். மகன் ஒரு நாட் சம்பளத்தை இழந்து அழைத்துச் சென்றான். எக்ஸ்ரேப் படத்திற் கிண்ணம் இடம்பெயர்ந்திருந்தது. அதன் மேலிருந்த என்பு மெலிந்திருந்தது. இப்பொழுது அவர் திருத்தச் சிகிச்சைக்குக் காத்திருக்கின்றார்.

என்பு கரைதல் நெடுங்காலம் நோவின்றியே நிகழ்வது. நோவு தோன்றுமுன் படமே அதனைக் காட்டும். முற்படக் கண்டால் எளிதாய் முடியும் சிகிச்சை, பிற்படக் கண்டால் அரிதாகின்றது. நுண்துளை உலோகமும் பற்றிக்கொள்ள என்பு எஞ்சியிருத்தல் வேண்டும். சரிவில் மண் எஞ்சியிருந்தாலன்றோ தேயிலை வேர் பற்றும்? எனவே செயற்கை மூட்டுடையோரை, நோவில்லையாயினும், வைத்தியர் குறித்த காலத்திற் சென்று காட்டச் செய்தல் வீட்டாரின் கடன். கல்லூரியிற் கற்று மலைநாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியராய்ச் செல்லும் இளைஞர், பெற்றோர் கூடுமிடத்து இவ்வொரு செய்தியையேனும் எடுத்துரைப்பாராக. பேர்லினிலும் மாந்தளையிலும் அறிஞர் உழைத்த உழைப்பு ஒரு லயத்து வாயிலை எட்டுதற்கு அதுவே வழி.