இதய உறையில் நீர்: எதிரொலி சொன்ன சேதி

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது நுரையீரல்தான். ஆனால் அந்நோய்க் கிருமி, இதயத்தைச் சூழ்ந்துள்ள இரட்டைச் சவ்வாகிய இதய உறையையும் தாக்குவதுண்டு. அப்போது உறைக்குள் நீர் சேர்கிறது. நீர் மிகுந்து நெருக்கினால் இதயம் விரிந்து இரத்தத்தை ஏற்க இயலாது; உயிருக்கே ஆபத்து நேரும்.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882இல் அறிவித்தார். 1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. எக்ஸ்ரே படத்தில் இதயத்தின் நிழல் பெருத்துத் தெரியும். பெருத்திருப்பது இதயமா, சூழ்ந்துள்ள நீரா? நிழல் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஊகித்து ஊசியைச் செலுத்தினால் இதயத்தையே குத்திவிடக் கூடும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் கருவி கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது! ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் பணியாற்றிய டாக்டர் எட்லரும் இயற்பியலறிஞர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் உள்ள குறைகளைக் கண்டறியும் கேளா ஒலிக் கருவி ஒன்றை 1953இல் மால்மோ கப்பல் தளத்திலிருந்து இரவல் பெற்றனர். அதை மார்பில் வைத்தபோது, துடிக்கும் இதயத்தின் எதிரொலி திரையில் அசைந்தது.

இதன் தத்துவம் எளிது. நம் உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு, அது எழுந்த ஆழத்தைக் கணக்கிடலாம். தெளிந்த நீரிலிருந்து எதிரொலி எழுவதில்லை. ஆகவே இதயச் சுவருக்கும் உறைக்கும் நடுவே வெற்றிடம் போன்ற இடைவெளி தோன்றினால், அங்கே நீர் இருக்கிறது என்று அறியலாம். அமெரிக்க மருத்துவர் ஃபைகன்பாம் 1965இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பின் இம்முறை பரவலாயிற்று.

ஆனால் அந்த நீர் காசநோயால் வந்ததா? புற்றுநோயாலும் வேறு கிருமிகளாலும் நீர் சேரலாம். நீரினுள் நார் போன்ற இழைகள் தெரிந்தால் காசநோய் என்ற ஐயம் வலுக்கும்; உறுதியாகாது. எனவே படத்தைப் பார்த்தபடியே ஊசியால் நீரை எடுத்துச் சோதிக்கின்றனர். அதிலும் கிருமிகள் குறைவாகவே இருக்கும். அவற்றை வளர்த்துக் காண வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அதுவரை நோயாளி தாங்குவாரா? எய்ட்ஸ் கிருமித் தொற்றும் காசநோயும் சேர்ந்து வாட்டிய தென்னாப்பிரிக்காவில் இக்கேள்வி கடுமையாக எழுந்தது. இதய உறை, வயிற்று நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல் முதலியவற்றைக் கேளா ஒலியால் விரைந்து பார்க்கும் எளிய முறை ஒன்று அங்கே உருவாகி, 2012இல் கட்டுரையாக வெளிவந்தது. காசநோய் மலிந்த இடத்தில், உரிய அறிகுறிகளோடு இதய உறையில் நீரும் தெரிந்தால், முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்க அது துணை செய்கிறது.

எதிரொலி கிருமியைக் காட்டுவதில்லை. நீர் எங்கே, எவ்வளவு என்று மட்டுமே காட்டுகிறது. ஆறு மாத மருந்தால் குணமாகக் கூடிய நோயாளியை உரிய காலத்தில் காப்பாற்ற அதுவே பேருதவி அன்றோ?