தேய்ந்த முழங்காலுக்கு ஓய்வுதான் மருந்தா?

"முழங்கால் தேய்ந்து விட்டது, இனி நடந்தால் மிச்சமும் தேய்ந்து விடும்." எமது ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தப் பயத்தினால் நடையை நிறுத்துகிறார்கள். சில மாதங்களில் உடல் எடை கூடுகிறது, சீனி வருத்தம் கட்டுப்பாட்டை இழக்கிறது, தொடைத் தசை மெலிகிறது. கடைசியில் எந்த வலிக்குப் பயந்தார்களோ அந்த வலியே கூடுகிறது. ஆகவே இந்தப் பயம் சரிதானா என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில், தேய்வது எது? எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புதான். சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ள இதன் எடையில் ஏறக்குறைய 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை புரோட்டியோகிளைக்கன் எனும் மூலக்கூறுகள். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கான போசாக்கு மூட்டைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்தே வருகிறது. காலில் பாரம் விழும்போது திரவம் பிழிந்து வெளியேறுகிறது, பாரம் நீங்கும்போது மீண்டும் உள்ளே ஊறுகிறது. அளவான அசைவுதான் அதற்கு உணவூட்டுகிறது. முள்ளந்தண்டுக் காயத்தினால் கால் இயக்கத்தை இழந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பு மாதக் கணக்கில் மெலிந்து செல்வதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சரி, ஏற்கனவே பாதிக்கப்பட்ட முழங்காலுக்குப் பயிற்சி என்ன செய்கிறது? சுவீடனில் நடத்தி 2005 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், முழங்காலின் மெனிஸ்கஸ் தட்டில் ஒரு பகுதி அகற்றப்பட்டதால் மூட்டுத் தேய்வு வரும் அபாயத்தில் இருந்த 45 பேர் சேர்க்கப்பட்டார்கள். நான்கு மாதங்கள் பயிற்சி செய்தவர்களின் குருத்தெலும்பின் தரம் முன்னேறியிருந்ததை ஸ்கேன் காட்டியது. பின்லாந்தில் மாதவிடாய் நின்ற, ஆரம்ப நிலை மூட்டுத் தேய்வு கொண்ட 80 பெண்களிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. துள்ளல் அசைவுகள் கொண்ட பயிற்சியைச் செய்தவர்களுக்கு முழங்காற் சில்லின் குருத்தெலும்பு சற்று முன்னேறியது. மூட்டின் பிரதான பகுதிக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. 2019 இல் இவ்வாறான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், முழங்காலில் பாரம் விழும் பயிற்சி குருத்தெலும்புக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை என்று முடிவு செய்தார்கள். ஆய்வுகள் சிறியவை, சான்றின் பலம் குறைவு என்பதையும் அவர்களே குறிப்பிட்டார்கள்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. இழந்த குருத்தெலும்பைப் பயிற்சி மீண்டும் வளர்த்து விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வலி குறைவதும் ஓரளவுக்குத்தான். 2024 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு 12,000 க்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பார்த்து, 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 9 புள்ளிகள் அளவில் வலி குறைந்ததாகக் கூறியது. ஆனால் எடைக் குறைப்பும் சேரும்போது பயன் கூடுகிறது. அமெரிக்காவில் 454 பேரிடம் நடத்தி 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களே வலியில் கூடுதல் நிவாரணம் பெற்றார்கள். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. சோற்றையும் சீனித் தேநீரையும் குறைப்பதும் முழங்காலுக்கான வைத்தியம்தான்.

ஜிம் தேவையில்லை. கடும் பாரம் தூக்குவது மிதமான பயிற்சியை விட மேலதிக நன்மை தரவில்லை என்று 2021 இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. உறுதியான கதிரையில் இருந்து, முடிந்தால் கையை ஊன்றாமல், பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து வைத்து, மற்றக் காலை நீட்டியபடி உயர்த்திச் சில நொடிகள் வைத்திருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் இவற்றைச் செய்து, சமதரையில் நடையும் பழகுங்கள். குறைந்தது மூன்று மாதங்களுக்குப் பிறகே பலனை மதிப்பிடுங்கள். பத்தில் ஐந்துக்கு மேற்படாத வலி, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்புமானால் பயப்பட வேண்டியதில்லை. திரும்பாவிட்டால் அளவைக் குறையுங்கள், நிறுத்தி விடாதீர்கள். மூட்டு சிவந்து சூடாகி வீங்கினால், காய்ச்சல் இருந்தால், கால் ஊன்ற முடியாவிட்டால், மூட்டு இறுகிக்கொண்டால் அல்லது கெண்டைக்கால் வீங்கினால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். அரச வைத்தியசாலைகளின் பிசியோதெரபிப் பிரிவில் இலவசமாகவே பயிற்சி கற்றுக்கொள்ளலாம்.

எமது பள்ளிவாசல்களில் கதிரைகளின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கதிரையில் தொழுவதன் சட்டத்தை உலமாக்கள் சொல்வார்கள். உடலைப் பற்றி நான் சொல்வது ஒன்றுதான்: தரையிலிருந்து எழும் பலம் பழகாமல் விட்டால் போய்விடும், தொடைத் தசையைப் பலப்படுத்தினால் பலருக்கு அதில் ஒரு பங்காவது திரும்ப வரும்.

மூட்டுத் தேய்வு ஆண்களை விடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. ஆனால் எமது ஊர்களில் காலையில் நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்களே. உம்மாவை உட்கார வைத்து எல்லா வேலையையும் பிள்ளைகளே செய்வது பாசம்தான். அதைவிடப் பெரிய பாசம், சுபஹுக்குப் பிறகு அவருடன் அரை மணி நேரம் நடந்து வருவது.