ஊமத்தைப் புகையும் இன்ஹேலரும்



பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அம்மாவுக்கு இழுப்பு. பீச் ரோட்டில் காந்தி சிலை வரைக்கும் நடப்பாங்க, இப்போ தெருமுனைக்கே போறதில்லை. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, 'பழகிடும், மாத்திரையே போதும்'னு அலமாரியில வெச்சுட்டாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க" என்றான். நான் வரலாற்று வாத்தியார். தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

மருந்தை மூச்சு வழியே இழுப்பது புதிதல்ல. வேலியோரம் பூக்கும் ஊமத்தையை உலர்த்திப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கம் நம் பக்கம் இருந்தது. சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைப் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பின்னர் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டுகளே விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்த்தும் அவற்றைப் புகைத்தவர். ஆனால் ஊமத்தை விஷம், யாரும் முயலாதீர்கள். புகையில் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று அளக்கவும் முடியாது.

அந்தச் சிக்கல் 1956-இல் தீர்ந்தது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ஸ்ப்ரே டப்பா போல மருந்தும் வரக்கூடாதா என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அளந்து தரும் இன்ஹேலர் அப்படிப் பிறந்தது.

இப்போது கணக்குப் பாடம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். இரண்டு முறை இழுத்தாலும் 4 மில்லிகிராம் மாத்திரையில் 20-இல் ஒரு பங்கு! மாத்திரை வயிறு, ஈரல், ரத்தம் என்று ஊர் சுற்றி நுரையீரல் சேர அரைமணி ஆகலாம். போகிற வழியில் கை நடுக்கம், படபடப்பு. இன்ஹேலர் மருந்து நேரே போய்ச் சில நிமிடங்களில் வேலை செய்யும்.

மாத்திரைக்கும் இடமுண்டு. இழுப்பு கடுமையானால் டாக்டரே சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார். அதை அவர் முடிவு செய்யட்டும்.

அம்மா, கண்ணாடி போட்டுப் படிப்பவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. அலமாரியிலிருந்து அதை எடுங்கள். எப்படி இழுப்பதென்று டாக்டரிடம் ஒருமுறை செய்து காட்டி, சரிபார்த்துக்கொள்ளுங்கள். காந்தி சிலை அருகே சந்திப்போம்.