நட்பும் நடுநிலையும்

திருவேங்கடமும் திருக்காளத்தியும் அண்மையில் விளங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் வாழும் நமக்குச் சமய வாதங்கள் புதியனவல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை மேடையினின்று இதழ்களில் ஏறின. ஆங்கு அச்சேறும் வாய்ப்பினை அறிவு மட்டுமோ நல்கியது? அன்பும் நல்கியது.

நாகையில் சோமசுந்தர நாயகர் ஆற்றிய சைவ சித்தாந்தச் சொற்பொழிவுகளுக்கு மறுப்பு எழுந்தது. இளைஞர் வேதாசலம், 'முருகவேள்' என்னும் புனைபெயரில், 'நாகை நீலலோசனி' இதழில் அதற்கு விடையிறுத்தார். மகிழ்ந்த நாயகர் அவரை ஜே. எம். நல்லசாமிப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினார். 1897இல் தோன்றிய 'சித்தாந்த தீபிகை'யின் தமிழ்ப் பதிப்புக்கு அவ்விளைஞர் சில திங்கள் ஆசிரியராயினார். அவரே பின்னாளில் மறைமலையடிகள்.

பற்று அவருக்கு வாயில் திறந்தது; நிலைநிறுத்தியதோ புலமை. 1901இல் நாயகர் மறைந்தபோது அவர் பாடிய 'சோமசுந்தரக் காஞ்சி'யில் சிலர் குறை கண்டனர். அதற்கும் நூலெழுதியே விடை தந்தார். தீபிகையும் நண்பர் வட்டத்துள் அடங்கிவிடவில்லை. கிறித்தவப் பாதிரியார் ஜி. யு. போப்பின் எழுத்துக்கும் இடமளித்தது.

வேற்றுமொழி நிலத்தில் சிறு தொகையினராய் வாழும் நம் மலர்களில் எழுதுவோரும் தேர்வோரும் ஒருவரையொருவர் அறிந்தவரே. அது குற்றமன்று. நண்பர்க்குக் கதவு திறப்போம். மாறுபட்டார்க்கு அதனைத் தாழிடாதிருப்போம்.