பருவக் கடைசி ஆட்டமும் வெற்றி ஆரூடமும்

ஓர் ஆட்டம் நடக்கும் இடத்தில் ஆடுவோர் சிலர், காண்போர் பலர், வெற்றி இன்னாருக்கே என்று முன்கூட்டி உரைப்போர் அவ்விரு திறத்தாரினும் பலர். நம் காலனிப் பூங்காவில் மாலைதோறும் கூடும் பெரியவர்களும், பள்ளிப் பை தோளிலிருந்து இறங்குமுன் புள்ளிப் பட்டியலை ஒப்பிக்கும் சிறுவர்களும் இவ்வகையில் ஓரினத்தவரே. இந்த ஊகக் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சில பக்கங்கள் நாம் குடியேறி வாழும் இப்பெங்களூரிலேயே எழுதப்பட்டவை. அவற்றை அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கோப்பைப் போட்டியில் ஒரு நாள் தோற்றவர் அன்றே வீடு திரும்பலாம். லீக் போட்டியோ பல மாதம் நீள்வது. வென்றால் இத்தனை புள்ளி, சமமானால் இத்தனை புள்ளி என்று கணக்கிட்டு, பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த பின்னரே முதலிடம் யாருக்கு என்று தீர்ப்பர். பருவத் தொடக்கத்தில் எந்த அணியின் வலிமையையும் அறியச் சான்று இல்லை. இறுதியிலோ சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. ஆதலின் கடைசி ஆட்டங்களின் முடிவை உரைப்பது எளிதாக இருத்தல் வேண்டும் அன்றோ? இருக்கின்றதா என்பதே நம் கேள்வி.

பெங்களூரின் கால்பந்து வரலாறு ஊகிப்போரைத் தொடக்கத்திலேயே நாணச் செய்த வரலாறு. 1937ஆம் ஆண்டு பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையின் இறுதியாட்டம். ஒருபுறம் 1934 முதல் கல்கத்தா லீகில் தொடர்ந்து முதலிடம் பெற்றுவந்த முகமதன் ஸ்போர்ட்டிங். மறுபுறம் நம் ஊரின் பெங்களூர் முஸ்லிம்ஸ். பெயரும் புகழும் முன்னதன் பக்கமே நின்றன. வென்றதோ பெங்களூர் அணி, ஒரே ஒரு கோலால். அதுவரை ஆங்கிலப் படையணிகளின் உடைமைபோல் இருந்த அக்கோப்பையை முதன்முதல் பெற்ற இந்திய அணி அதுவே. மறு ஆண்டும் அதனையே வென்று, முன்னைய வெற்றி தற்செயல் அன்று என்று காட்டிற்று.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் கால்பந்து அணியில் பெங்களூர் ஆட்டக்காரர்கள் பலர் இடம்பெற்றனர். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அவ்வணி பிரான்சை எதிர்த்து நிற்கும் என்று நம்பியவர் சிலரே. சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் கோலை அடித்தவர் நம் ஊர்ச் சாரங்கபாணி ராமன். பெனால்டி வாய்ப்பு இரண்டு கைநழுவிப் போயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் அடித்த கோலால் 1-2 என்று தோற்றோம். முடிவு உரைத்தபடிதான் ஆயிற்று. ஆயினும் உரைத்தவர்கள் பெருமைப்படுவதற்கு இடமிருந்ததாகச் சொல்ல முடியாது. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பெலேயின் சிலையை நிறுத்திக் கால்பந்தைக் குலதெய்வம்போல் போற்றும் தமிழ்க் குடும்பங்களின் ஆர்வத்திற்கு வேர் அந்நாட்களில் உள்ளது.

நிற்க. ஊகம் பொழுதுபோக்காய் இருந்தவரை கேடில்லை. அதில் காசு புகுந்தபோதே சிக்கலும் புகுந்தது. 1923இல் மான்செஸ்டர் நகரில் ஜான் மூர்ஸ் என்ற தந்தி ஊழியர் நண்பர் இருவருடன் சேர்ந்து, கால்பந்து முடிவுகளை ஊகித்து எழுதும் 4,000 சீட்டுகளை மைதான வாயிலில் வழங்கினார். திரும்பி வந்தவை 35. அந்த முப்பத்தைந்திலிருந்து வளர்ந்ததே பின்னர் இங்கிலாந்தின் வீடுதோறும் புகுந்த லிட்டில்வுட்ஸ் நிறுவனம். 1963 சனவரியில் கடும் பனியால் ஆட்டங்கள் வாரக்கணக்கில் நின்றுபோயின. சீட்டு வியாபாரம் நிற்கலாமோ? பழைய ஆட்டக்காரர்களும் நடுவர் ஒருவரும் அடங்கிய குழுவொன்று கூடி, நடவாத ஆட்டங்களில் யார் வென்றிருப்பார் என்று தீர்ப்பளித்தது! ஊகத்தையே ஊகிக்கும் இவ்விந்தையை வேறெங்கும் நாம் கேட்டதில்லை.

நம் பெங்களூரிலும் அதுபோன்ற ஒன்று நடந்தது. 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்னும் வார இதழ் இங்கு அச்சாகிப் பம்பாய் மாகாணம் வரை பரவியிருந்தது. அதன் வாயிலாக ஆர்.எம்.டி. சாமர்பாக்வாலா என்பாரின் நிறுவனம் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி நடத்திற்று. கட்டணம் செலுத்திக் கட்டங்களை நிரப்புதல் வேண்டும். ஓரிடத்தில் இரு சொற்கள் சமமாகப் பொருந்தினும், நடத்துவோர் முன்கூட்டி முடிவு செய்து வைத்திருந்த சொல்லை எழுதியவருக்கே பரிசு. இது அறிவா, அதிர்ஷ்டமா? பம்பாய் அரசு வரி விதிக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சூதாட்டம் அரசியல் சட்டம் காக்கும் வாணிகம் ஆகாது என்று 1957 ஏப்ரல் 9ஆம் நாள் தீர்ப்பாயிற்று.

அதே நாளில் அதே நிறுவனத்தார் மத்திய அரசின் 1955ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அதனை எழுதியவர் தமிழரான நீதியரசர் டி. எல். வெங்கடராம ஐயர். தீட்சிதர் கிருதிகளில் தோய்ந்து சங்கீத கலாநிதி விருதும் பெற்ற புலமையாளர் அவர். வெற்றி பெரும்பகுதி திறமையைச் சார்ந்திருக்கும் போட்டி வேறு, தற்செயலைச் சார்ந்திருக்கும் போட்டி வேறு. சட்டம் தடுப்பது பின்னதையே என்று அவர் கோடு கிழித்தார். சுருதி பேதம் அறிந்த செவிக்கு அவ்வேற்றுமை எளிதில் புலனாகியிருக்கும் போலும்.

அக்கோட்டின்மீதே பின்வந்த வழக்குகள் நடந்தன. சீட்டுக்கட்டில் ரம்மி திறமை ஆட்டமே என்று 1967இல் தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் இயற்றிய சட்டம்பற்றிய வழக்கு 1996இல் முடிந்தபோது, குதிரையின் வம்சம், பயிற்சி, சவாரி செய்பவரின் ஆற்றல் ஆகியவற்றை ஆய்ந்து வெற்றியைக் கணிப்பது பெரும்பாலும் திறமையே என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. இதற்கிடையே பந்தயம் மைதானத்தை விட்டுக் கைத்தொலைபேசிக்குள் குடியேறிற்று. கர்நாடக அரசு 2021இல் கொணர்ந்த தடையை, திறமை ஆட்டத்தையும் சூதென்று அடக்கலாகாது என்று கூறி 2022 பிப்ரவரியில் இம்மாநில உயர் நீதிமன்றம் நீக்கிற்று. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையோ தற்செயலோ எதுவாயினும் பணம் வைத்து இணையவழி ஆடும் ஆட்டத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்து வழக்குகளும் எழுந்தன. ஏறத்தாழ எழுபது ஆண்டு நீதிமன்றங்கள் காத்துவந்த கோட்டைப் புதுச் சட்டம் ஒரு புறம் ஒதுக்கி வைத்தது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் சட்ட நுட்பம் அன்று. மகன் கைத்தொலைபேசியில் நள்ளிரவு செலவிட்டது திறமையா தற்செயலா என்று வாதிடுவதற்குள் தாயின் வளையல் அடகுக் கடை சேர்ந்துவிடுகிறது.

இனி, ஆட்டத்தின் முடிவை முன்னுரைப்பதில் அறிவுக்கு எத்துணை இடம் உண்டு? இதனை மிக விரிவாக ஆய்ந்தவர் அமெரிக்கர். அவர்கள் 'புட்பால்' என்று அழைப்பது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அங்கே வெல்பவர் யார் என்பதோடு எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்பதையும் முன்னறிவிப்பர். 1969 சனவரி 12ஆம் நாள் மியாமி நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி 18 புள்ளியில் வெல்லும் என்றனர். எதிரணியான நியூயார்க் ஜெட்ஸின் ஜோ நேமத் மட்டும் மூன்று நாள் முன்னரே வெற்றி எமதே என்று உறுதி கூறினார், உலகம் நகைத்தது. ஜெட்ஸ் 16-7 என்று வென்றது.

ஹால் ஸ்டெர்ன் என்னும் புள்ளியியல் அறிஞர் 1991இல் இவ்வறிவிப்புகளை உண்மை முடிவுகளோடு ஒப்பிட்டார். சராசரியில் அறிவிப்புகள் பழுதற்றவை. ஆயின் தனி ஆட்டம் ஒவ்வொன்றும் அறிவிப்பிலிருந்து விலகும் அளவின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 14 புள்ளி என்று கண்டார். எளிய தமிழில் கூறுவதாயின், 7 புள்ளியில் வெல்லும் என்று எல்லாரும் ஒப்பும் அணி பத்து ஆட்டத்தில் ஏழில் வெல்லும். மூன்றில் மண்ணைக் கவ்வும். அறிவு உண்டு, ஆயினும் அந்த மூன்று எவை என்று அறியும் அறிவு எவரிடமும் இல்லை.

பருவக் கடைசியில் மற்றொரு சிக்கல் சேர்கின்றது. ஓர் அணிக்கு வெற்றி உயிர்நிலை; மற்றோர் அணிக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பின்னது தன் சிறந்த ஆட்டக்காரரை ஓய்வில் வைக்கலாம். அல்லது அச்சமின்றி ஆடலாம். 2007 திசம்பர் 29ஆம் நாள் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு அடுத்த சுற்றில் இடம் முன்னரே உறுதியாகியிருந்தது. ஆயினும் பருவம் முழுதும் தோல்வியறியாத நியூ இங்கிலாந்து அணியை முழு வலிமையுடன் எதிர்த்து 35-38 என்று தோற்றது. வீண் முயற்சி என்றார் சிலர். ஐந்து வாரங்கழித்து இறுதியாட்டத்தில் அதே அணியை 17-14 என்று வீழ்த்தியது ஜயண்ட்ஸ்.

இக்கண்கொண்டு நம் ஊருக்கு மீள்வோம். 2015 மே 31ஆம் நாள் ஸ்ரீ கண்டீரவ மைதானத்தில் ஐ-லீகின் கடைசி ஆட்டம். மோகன் பகானுக்கு 38 புள்ளி, பெங்களூர் எஃப்.சி.க்கு 36. பெங்களூர் வென்றால் 39 பெற்று முதலிடம். சமமானாலே போதும், பட்டம் கல்கத்தாவுக்கு. 2013இல் பிறந்து முதற் பருவத்திலேயே லீகை வென்ற பெங்களூர் அணி ஒருபுறம். 1889இல் தோன்றி, 2002க்குப் பின் தேசிய லீகைக் காணாத பழம்பெரும் அணி மறுபுறம். சொந்த மைதானம், சொந்த மக்கள், வென்றே தீரவேண்டிய வேகம் என எல்லாம் பெங்களூருக்கே. இடைவேளைக்குச் சற்று முன் ஜான் ஜான்சன் கோல் அடித்தார். அரங்கில் பட்டம் கைக்கு வந்துவிட்டதென்றே மகிழ்ந்தனர். நேரம் ஓடிற்று. 87ஆம் நிமிடத்தில் சோனி நார்டே உதைத்த கார்னர் பந்தைப் பெல்லோ ரசாக் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். 1-1. பட்டம் மூன்று நிமிடத் தொலைவில் கைவிட்டுப் போயிற்று. வெற்றி தேவைப்பட்ட அணி முன்னணியைக் காக்கப் பின்வாங்கி நிற்பதும், சமமே போதும் என்றிருந்த அணி இழப்பதற்கொன்றுமின்றிப் பாய்வதும் கால்பந்தில் அடிக்கடி காணும் காட்சி. புள்ளிப் பட்டியல் அதனைச் சொல்வதில்லை.

தமிழகத்திற்கும் அத்தகைய நாள் ஒன்று வாய்த்தது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு மைதானம். கடைசி நாளன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை வென்றாக வேண்டும்; அதே வேளையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியோடு ஆடியது. மினர்வா முந்தைய ஆண்டுப் பட்டம் பெற்ற அணி. ஆயின் அவ்வாண்டு அதற்குப் பெறவோ இழக்கவோ ஏதுமில்லை. ஆதலின் எளிதில் பணியும் என எண்ணியிருப்பர். ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே கோல் அடித்தது மினர்வா! இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியால் சமன் செய்ய, கௌரவ் போரா இரு கோல் அடித்து 3-1 ஆக்கினார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. 43க்கு 42 என்று ஒரே புள்ளியில் பட்டம் தமிழகம் வந்தது.

கிரிக்கெட்டை விட்டுவிட்டால் நம் இல்லத்துச் சிறுவர்கள் நம்மை மன்னியார். 2024 மே 18ஆம் நாள் சின்னசாமி அரங்கில் பெங்களூரும் சென்னையும் மோதின. அன்று நம் வீடுகள் பலவற்றில் தந்தை மஞ்சள், மக்கள் சிவப்பு என்றிருந்ததை நாம் அறிவோம். முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்ற பெங்களூரை ஏப்ரலில் எந்தக் கணக்கரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அது பின்னர் தொடர்ந்து ஐந்து வென்று இங்கு வந்து நின்றது. பெங்களூர் எடுத்த ஓட்டம் 218. சென்னை வெல்ல வேண்டியதில்லை. ஓட்ட விகிதக் கணக்கின்படி 201 எடுத்துத் தோற்றாலும் அடுத்த சுற்று உறுதி. கடைசி ஓவரில் தேவை 17. பந்து யஷ் தயாள் கையில். முந்தைய ஆண்டு கடைசி ஓவரில் தொடர்ந்து ஐந்து சிக்சர் கொடுத்தவர் அவர். எதிரே நின்றவர் தோனி. முதற்பந்தே சிக்சர். இதற்குமேல் ஊகிக்க என்ன இருக்கின்றது என்று தோன்றியிருக்கும். இரண்டாம் பந்தில் தோனி ஆட்டமிழந்தார். எஞ்சிய நான்கு பந்துகளில் சென்னைக்குக் கிடைத்தது ஓர் ஓட்டம். 191.

நள்ளிரவு தாண்டியும் நகரத் தெருக்களில் ஆரவாரம் அடங்கவில்லை. தொடர்ந்து ஆறு வென்ற பெங்களூரை இனித் தடுப்பார் இல்லை என்றனர். அடுத்து எதிர்ப்பட்ட இராசத்தான் அணியோ தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்று, ஐந்தாவது மழையால் நின்றுபோக, ஒரு வெற்றியும் காணாது வந்திருந்தது. மே 22ஆம் நாள் அகமதாபாத்தில் அவ்வணி பெங்களூரை நான்கு விக்கெட்டில் வென்றது.