திருவிலச்சினை

வைணவ ஆசாரியர் சங்கு, சக்கர அச்சுகளை ஓம நெருப்பில் காய்ச்சிச் சீடரின் தோள்களில் ஒற்றும் சடங்கு. வலத்தோளில் சக்கரம், இடத்தோளில் சங்கு. ஸ்ரீவைணவத்தின் பஞ்ச சம்ஸ்காரங்களில் முதலாவதான இது ‘தாபம்’ எனப்படும். புண்டரம், நாமம், மந்திரம், யாகம் ஆகியவை மற்றவை. சூடு போடுவதால் இதை அலகு குத்துதல் போன்ற நோன்பாகக் கருதுவோர் உண்டு. அது பொருந்தாது. அலகு குத்துவதில் வேண்டுதலும் வலியைத் தாங்குவதும் முதன்மை. இங்கே அச்சு ஒரு நொடி பட்டு விலகுகிறது, தழும்பு பலருக்கு நாளடைவில் மங்கியும் விடுகிறது. ஸ்ரீவைணவர் வாழ்நாளில் ஒருமுறையே இதைப் பெறுகின்றனர். வலி நோக்கமாயின் இவ்வளவோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். இது திருமாலின் உடைமைக் குறி என்பதே சரி. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு, சக்கரப் பொறி ஒற்றப்பட்டு வழிவழியாக ஆட்செய்வதைப் பேசுகிறது. சோழர் காலத்தில் சிவன் கோயில் தேவரடியார்க்குச் சூலக்குறி இடப்பட்டதும் இதே வகைதான்.

மத்வரைப் பின்பற்றும் வைணவரான மாத்வர் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசியில், முத்திரை பெறுவது இதற்கு மாறாகத் தோன்றலாம். ஆனால் அங்கும் பக்தர் தேடுவது ஹரியின் சின்னத்தைத்தான், தழும்பின் ஆழத்தை அல்ல. சூடுபட்ட உடல் வேள்விக்குத் தகாது என்ற, ஸ்மிருதி வழி ஒழுகும் ஸ்மார்த்தரின் கண்டனம் கடுமையானது. வைணவர் பாஞ்சராத்திர ஆகமங்களைக் காட்டி மறுத்தனர். கால்நடைக்கும் அடிமைக்கும் இட்ட சூட்டை நினைவூட்டுகிறது என்ற இக்கால மறுப்பிலும் உண்மை உண்டு. எனினும் இங்கே சூட்டைக் கேட்டுப் பெறுகிறார்கள். பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் அது உரியது.